வெள்ளோட்டம்

கனடாவில் வாழும் என் பழைய மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தான். மின்னஞ்சல் வழியாக வந்ததெனினும் அதனைக் கடிதம் என்றே கூறல்வேண்டும். "அன்புள்ள சேர் அவர்கட்கு" என்று தொடங்கி, நலம் விசாரித்து, மூதூரில் மழை எப்படி, நெல் என்ன விலை என்றெல்லாம் வினவி, நெடுந்தூரம் சென்ற பின்னரே காரியத்துக்கு வந்தான். வகுப்பிற் கட்டுரை எழுதும்போதும் அவனுக்கு இதுவே வழக்கம்.

காரியம் இதுதான். அவன் ஒரு மோட்டார் வீடு வாங்கியிருக்கிறான். நம்மவர் பலர் அத்தகைய வண்டியைக் கண்டிருக்கமாட்டார்கள். லொறியின் அடிச்சட்டம் ஒன்றன்மேல் படுக்கை, சமையலிடம், குளிக்குமறை, உண்ணும் மேசை என ஒரு சிறு குடும்பத்துக்கு வேண்டிய யாவற்றையும் அடக்கிக் கட்டிய வீடு அது. சாரதியின் ஆசனத்தில் தந்தை அமர்ந்து ஓட்ட, வீடு முழுவதும் அவன் பின்னே உருண்டு செல்லும். கோடை விடுமுறையில் மனைவி மக்களோடு ஏரிகளையும் மலைகளையும் பார்த்து வரலாம் என்று, பத்தாண்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்றாகத் திரட்டிப் புத்தம் புதிதாக வாங்கினான். முதற் பயணத்தின் இரண்டாம் இரவு மழை பெய்தது. மேற்கட்டிலிற் படுத்திருந்த அவனுடைய சிறுமகள், "அப்பா, தலையணை நனைஞ்சு போச்சு" என்று எழுந்து வந்தாளாம்.

கூரை ஒழுக்கு முதலாவது குற்றம் மட்டுமே. பாத்திரம் கழுவுந் தொட்டியின் குழாய் கீழே எதனோடும் பொருத்தப்படவில்லை. கழுவிய நீர் முழுவதும் தரைப்பலகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அலுமாரிக் கதவின் திருகாணிகள் தாள்போன்ற மெல்லிய பலகையைப் பற்றி நின்றன. முதல் மேட்டிலே கதவு கையோடு வந்துவிட்டது. பக்கச் சுவரை வெளியே தள்ளி அறையை விரிக்கும் பொறி விரிந்தது, சுருங்க மறுத்தது. இவ்வாறு 27 குற்றங்களை அவன் இலக்கமிட்டு எழுதியிருந்தான். கணிதத்தில் விசேட சித்தி பெற்றவனல்லவா!

விற்றவரிடம் சென்றான். அடிச்சட்டம் ஒரு கொம்பனியாருடையது, மேற்கட்டு வேறொருவருடையது, குளிர்ப்பெட்டியும் அடுப்பும் இன்னும் இருவருடையன; ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் வெவ்வேறு, அவரவரிடமே செல்லுக என்று அனுப்பினர். பின்னரும் அவன் விடாது வாதாடவே ஒரு தாளை எடுத்து முன்னே வைத்தனராம். "யாவும் நல்ல நிலையில் இருக்கக் கண்டு பெற்றுக்கொண்டேன்" என்பது அதன் கருத்து. கீழே அவனுடைய கைச்சாத்து. "ஒரு மணித்தியாலந்தான் சுற்றிக் காட்டினவை சேர். பிள்ளைகள் ஏறிப்போய் இருந்திட்டினம். நான் வாசிக்காமலே கையெழுத்து வச்சிட்டன்" என்று அவன் முடித்திருந்தான்.

இவ்வரிகளை வாசித்தபோது எனக்கு அவன்மீது சினமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. 2005ஆம் ஆண்டில் மூதூர்க் கடற்கரையில் ஒரு மேசைமுன் அமர்ந்து, வாசிக்காமலும் சோதிக்காமலும் ஒரே காலைப்பொழுதில் 11 தாள்களிற் கைச்சாத்திட்ட ஓர் இளைஞனின் முகமே நினைவில் எழுந்தது. அவ்விளைஞன் வேறு யாருமல்லன், நானேதான். அக்கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், புத்தம் புதிய பொருளில் இத்தனை பழுது எங்ஙனம் நேர்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

அமெரிக்காவிலே மோட்டார் வீடுகளின் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே கட்டப்படுகின்றன. கார் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரக் கைகள் அச்சொத்தாற்போல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து தள்ளுகின்றன. மோட்டார் வீடோ பெரும்பாலும் மனிதர் கைவேலை. மரச்சட்டம், ஒட்டுப்பலகை, கண்ணாடியிழைத் தகடு, நீர்க்குழாய், எரிவாயுக்குழாய், மின்கம்பி ஆகியன ஒன்றோடொன்று பொருந்தும் இடங்கள் ஆயிரக்கணக்கானவை. வேலைக்கூலி எண்ணிக்கையைப் பொறுத்து அமையும் இடத்தில் கை விரையும். கை விரையும் இடத்தில் மூட்டு நெகிழும். நிலத்தில் நிற்கும் வீட்டுக்கு இந்நெகிழ்ச்சி தெரியாது. உருளும் வீடோ ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்குவது. கூரையின் மூலையில் ஒட்டுப்பசை மயிரிழை அளவு விலகினாற் போதும், நீர் வழி கண்டுகொள்ளும். உள்ளே புகுந்த நீர் பலகையின் அடுக்குகளுக்கிடையே மாதக்கணக்கில் மறைந்திருந்து, சுவர் பொருமிய பின்னரே தன்னைக் காட்டும்.

அடிச்சட்டம் ஒருவர், மேற்கட்டு ஒருவர் என்னும் முறை நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டுக் கரூரில் பஸ் வண்டிகளுக்கு மேற்கட்டுக் கட்டும் பட்டறைகள் நிறைந்திருத்தலை அவ்வழி சென்றோர் அறிவர். பெருங் கொம்பனியின் அடிச்சட்டம் வெறும் எலும்புக்கூடாக வந்து, அங்கே உடம்பு பெற்றுத் திரும்பும். ஆயினும் வழியில் வண்டி பழுதுபட்டால் எலும்பின் குற்றமா, தசையின் குற்றமா என்ற வழக்கு அங்கும் உண்டு.

பழுதோடு பிறந்த புது வண்டியை அமெரிக்கர் "எலுமிச்சம்பழம்" என்று ஏசுவர். நாமோ புது வண்டியின் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கித் திருட்டி கழிக்கிறோம்! இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை அறிவேன். எனினும் எழுதாமலிருக்க மனம் வரவில்லை. இவ்வகை வண்டியைச் செய்தவர் திருத்திக் கொடுக்கவேண்டும், பலமுறை முயன்றும் திருத்த இயலாவிடின் மாற்றிக் கொடுக்கவேண்டும் அல்லது பணத்தைத் திருப்பவேண்டும் என்று 1982ஆம் ஆண்டில் கனெற்றிக்கட் மாநிலம் சட்டஞ் செய்தது. ஏனைய மாநிலங்களும் பின்னர் அவ்வழி நின்றன. வேடிக்கை யாதெனின், அம்மாநிலச் சட்டங்களுட் பல மோட்டார் வீட்டின் ஓடும் பகுதியை மாத்திரமே காக்கின்றன. மனிதர் வாழும் பகுதியைக் கைவிட்டுவிடுகின்றன. இயந்திரம் நின்றால் நீதி உண்டு. குழந்தையின் தலையணை நனைந்தால் இல்லை.

நம் முன்னோர் இவ்விடயத்தில் விழிப்பாயிருந்தனர். புதுத் தேர் செய்து முடிந்ததும் உடனே சுவாமியை எழுந்தருளச் செய்து வீதிக்கு இழுப்பதில்லை. முதலில் வெள்ளோட்டம். சுவாமி இல்லாத தேரை நான்கு வீதியும் இழுத்துப் பார்ப்பர். அச்சு முனகுகிறதா, சில்லு ஒருபுறம் இழுக்கிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்றெல்லாம் ஆசாரியார் பக்கத்திலேயே நடந்து காது கொடுத்துக் கேட்பார். திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்பு அச்சும் சில்லுகளும் தடையும் அமைத்துக் கொடுத்த இக்காலத்திலும் வெள்ளோட்டம் விடுபடவில்லை. தேருக்கன்றி மரக்கலத்துக்கும் இச்சொல் உரியது. புதுத் தோணியை முதன்முதற் கடலில் விட்டுப் பார்ப்பதும் வெள்ளோட்டமே.

2005ஆம் ஆண்டில் நாங்கள் மறந்தது இதனைத்தான்.

2004 திசெம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த கடல் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரை விழுங்கிற்று; கரையோர மீனவரின் படகுகளிற் பெரும்பகுதியையும் உடைத்தெறிந்தது. கொட்டியாரக் குடாவின் கரையிலே படகுகளின் துண்டுகள் வேலிகளிலும் தென்னைகளிலும் தொங்கியதை நான் கண்டேன். உலகம் இரங்கியது, உதவி வந்தது, உதவியுட் பெரும்பங்கு படகாக வந்தது. மீனவனுக்குப் படகு கொடுத்தலினும் படத்துக்கு அழகான உதவி வேறு யாது? எல்லோருக்கும் உடனே படகு வேண்டும். முன்னர் காரைநகர்ச் சீநோர் போன்ற சில இடங்களிலே நிதானமாகச் செய்த தொழிலை, அவ்வாண்டிற் பல புதிய பட்டறைகள் கையிலெடுத்தன. நேற்றுவரை தண்ணீர்த்தொட்டி வார்த்தவர் இன்று படகு வார்க்கிறார் என்று கரையிற் பேசிக்கொண்டனர். சில கரைகளிலே கடல் கொண்டதிலும் அதிகமான படகுகள் வந்து குவிந்தன. சில கரைகள் வெறுமையாகவே கிடந்தன.

கண்ணாடியிழைப் படகு கட்டும் முறை பார்வைக்கு எளியது. மெழுகு பூசிய அச்சினுள் முதலில் நிறமேற்றிய மேற்பூச்சு; அதன் கனம் அரை மில்லிமீற்றர் அளவுதான். அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்துப் பிசினை ஊற்றி நனைத்து, உருளையால் உருட்டி உருட்டிக் காற்றை வெளியேற்றவேண்டும். இவ்வாறு பல அடுக்குகள். பிசினை இறுகச் செய்யும் மருந்து 100 பங்குக்கு 1 முதல் 2 பங்கு வரையே சேரும். மிகுந்தால் இழை நனையுமுன் பிசின் கல்லாகிவிடும். குறைந்தால் பல நாள் சென்றும் முற்ற இறுகாது. மழைக்காலத்தில் ஈரமேறிய பாயை இட்டால் அடுக்குகள் ஒட்டா. இவற்றுள் எது பிழைத்தாலும் வெளியே தெரியாது. மேற்பூச்சு பளபளவென்று அழகாகவே இருக்கும். உருட்டாது விட்ட காற்றுக் குமிழும் நனையாத வெள்ளிழையும் அதன் பின்னே ஒளிந்திருக்கும். இயந்திரம் தொங்கும் பின்புறப் பலகையின் உள்ளே நல்ல மரம் இருக்கவேண்டும். இருக்கைகளின் கீழே மிதப்புக்காக நுரைக்கட்டை அடைக்கவேண்டும். இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத இடங்கள். செலவு குறைக்க விரும்புவோனுக்கு அவற்றிலும் நல்ல இடம் வேறில்லை.

அப்போது எனக்கு வயது 24. பட்டம் பெற்று நியமனத்துக்காகக் காத்திருந்தேன். ஓர் உதவி நிறுவனத்துக்குத் தொண்டனாகப் பெயர்ப்பட்டியல் எழுதிக்கொடுத்தேன். ஆங்கிலமும் தமிழும் எழுதக்கூடியவன் என்ற தகுதி. ஆனி மாதத்து ஒரு காலையில் 11 படகுகள் லொறிகளில் வந்திறங்கின. மாலை, நாடா, புகைப்படக்காரர், வெளிநாட்டு விருந்தினர் யாவும் ஆயத்தம். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள். பெறுபவர் ஓரிடத்திற் கைச்சாத்திட, சாட்சியாக நான் மற்றோரிடத்திற் கைச்சாத்திட வேண்டும். "நல்ல நிலையிற் பெற்றுக்கொண்டேன்" என்றே அத்தாளும் கூறிற்று.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக் காக்காவும் அவ்வரிசையில் நின்றார். முஸ்லிம் அயலவரில் மூத்தவரை நாங்கள் காக்கா என்றே அழைப்போம். சிறுவயதில் என்னைத் தோளில் ஏற்றிக் கரைவலை பார்க்கக் கூட்டிச்சென்றவர். அவர் பேனாவை வாங்காமற் படகின் அருகே சென்று, பக்கத்திலும் பின்புறத்திலும் விரல் முட்டியாற் பல இடங்களிலே தட்டிக் காது கொடுத்தார். "தம்பி, இஞ்ச ஒரு சத்தம், அஞ்ச ஒரு சத்தம் கேக்குது. ஓட்டப் பானையத் தட்டின மாதிரி இருக்கு. ரெண்டு நாள் தண்ணியில போட்டுப் பாத்திட்டு ஒப்பம் வெக்கட்டா?" என்று கேட்டார்.

விருந்தினர் வெயிலில் நின்றனர். நிறுவனத்தின் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதா காக்கா? வையுங்க கையெழுத்தை" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். ஒரு பழமொழியைச் சமயம் பார்த்துச் சொல்லிவிட்ட பெருமையில் நானும் சாட்சியாகக் கைச்சாத்திட்டேன்.

கார்த்திகையில் ஒரு மாலை அவரும் பதினேழு வயது மகனும் வலை விடச் சென்றனர். பையன் தந்தைக்குத் துணையாகப் பள்ளியை விட்டு நின்றவன். குடாவின் வாயிலை அண்டியபோது வாடைக்காற்று எழுந்தது. நாலைந்து அலை மோதியதும் பின்புறப் பலகை பிளந்தது. இயந்திரம் தான் கவ்வியிருந்த துண்டோடு கடலுள் இறங்கிற்று. நீர் உள்ளே பாய்ந்தது. இருக்கைகளின் கீழ் நுரைக்கட்டை இருந்திருப்பின் படகு நிரம்பியும் மட்டமாக மிதந்திருக்கும். அங்கே ஒன்றுமில்லை, வெறும் பொந்து. அணியத்தில் அடைபட்ட காற்றின் உதவியால் அதன் நுனி மட்டும் நீர்மேல் நின்றது. எண்ணெய்க் கலன் இரண்டைக் கயிற்றாற் பிணைத்துத் தந்தையும் மகனும் இரவு முழுவதும் பற்றிக் கிடந்தனர். விடியற்காலையிற் கிண்ணியாப் படகொன்று அவர்களைக் கண்டு ஏற்றியது. பையன் பிழைத்தான், ஆயின் அதன்பின் அவன் கடலில் இறங்கவேயில்லை.

கட்டியிழுத்துக் கரை சேர்த்த படகின் பிளவை நான் பார்த்தேன். பிசின் தொடாத வெள்ளையிழை, கிழித்த தலையணைப் பஞ்சுபோல் வெளியே தொங்கிற்று. பின்புறப் பலகையின் உள்ளே இருந்தது பெட்டி செய்யும் மலிவான பலகை. ஐந்து மாதத்தில் ஊறி, விரலால் நசுக்க மாவாயிற்று. காக்கா என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "கடல் காயிதம் பாக்காது தம்பி" என்று மாத்திரம் சொன்னார்.

முறைப்பாடு எழுதினேன். இங்கேதான் சட்டத்தின் ஒரு விசித்திரத்தைக் கற்றுக்கொண்டேன். நம் நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் உண்டு. விற்கும் பொருள் தான் பயன்படவேண்டிய வேலைக்கு ஏற்றதாக இருத்தல்வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை, எழுதாவிடினும் எழுதியதுபோல், அது விற்பவர்மீது சுமத்தும். எனினும் வாங்குபவர் பொருளைச் சோதித்திருப்பின், அச்சோதனையிற் கண்டிருக்க வேண்டிய குற்றத்துக்குப் பின்னர் வாதாட இயலாது. இஃது ஒருபுறமிருக்க, காக்கா அப்படகை வாங்கவேயில்லையே! வாங்கியது உதவி நிறுவனம், விற்றது பட்டறை, கடலிற் கிடந்தது அவர். வாங்கியவருக்குக் குற்றம் தெரியவில்லை. தெரிந்தவருக்கு வழக்கு இல்லை. கடிதங்கள் போய் வந்துகொண்டிருக்கையிலேயே 2006 ஆகஸ்டில் மூதூரை யுத்தம் சூழ்ந்தது. இந்துவும் முஸ்லிமும் வேறுபாடின்றி ஊரைவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது நிறுவனத்தின் அலுவலகம் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது.

அவ்வாண்டுகளிற் கட்டிய சிறுபடகுகளுட் பல தரங்குறைந்தவை என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தாரும் கண்டு கூறினர்; கண்ணாடியிழைப் படகை ஒழுங்காகக் கட்டும் முறைபற்றி 2009இல் ஒரு கைந்நூலும் வெளியிட்டனர். நல்ல நூல். நான்கு ஆண்டு முந்தி வந்திருக்கலாம்.

பழுதுபட்ட கலம் எங்கள் குடாவுக்குப் புதிதன்று என்பதையும் இடையிற் சொல்லி வைக்கிறேன். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலிலே பாய்மரம் இழந்த ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல் புதுமரம் நாட்டிக்கொள்ள வந்தது இக்கொட்டியாரத்துக்கே. 1660இல் அதன் தலைவரும் மகன் ரொபட் நொக்சும் கண்டியரசன் ஆட்களிடம் அகப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை வெளியிட்டான். அது புயல் செய்த பழுது, பட்டறையின் குற்றமன்று.

மாணவனுக்குப் பதில் எழுதினேன். 27 குற்றங்களையும் திகதியோடும் படத்தோடும் எழுத்தில் விற்றவருக்கும் மேற்கட்டுச் செய்தவருக்கும் ஒருங்கே அனுப்பு. தொலைபேசியிற் பேசியதையெல்லாம் அன்றே குறித்து வை. ஒழுக்கை மழை வரும்வரை காத்திராமல் நீர்க்குழாயைப் பிடித்துத் தேடு என்றேன். இங்கே வாங்கும் நம்மவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் பொருளை வாங்கிய 3 மாதங்களுக்குள் செய்தல்வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று பற்றுச்சீட்டை அலுமாரிக்குள் வைக்கும் நம் வழக்கத்துக்கு 3 மாதம் மிகவும் குறுகிய காலம்.

அவன் குழாய் பிடித்தான். கூரையின் முன்மூலையில், விளக்குப் பொருத்திய இடத்தில் வழி இருந்ததாம். வண்டி பட்டறைக்குச் சென்று மூன்று கிழமையாகிறது, கோடை பாதி கழிந்தது, மகள் இப்போது மேற்கட்டிலில் ஏற மறுக்கிறாள் என்று மறுகடிதம் வந்தது.

அக்கடிதம் வந்த கிழமையிலே காக்கா ஆளனுப்பியிருந்தார். இப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. கடன் எடுத்து மருமகனுக்குப் புதுப்படகு வாங்குகிறார். "மாஸ்டர வரச் சொல்லுங்க" என்றாராம். இறங்குதுறைக்கு அப்பால் மணலிற் படகு கிடந்தது. அவர் ஐந்து ரூபா நாணயம் ஒன்றால் அணியத்திலிருந்து தொடங்கிச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். நீர் வடியுந் துளைக்காக வெட்டியெடுத்த சிறு வட்டத்தைக் கட்டியவரிடம் கேட்டு வாங்கி, வெட்டுமுகத்தை என்னிடம் நீட்டினார். தேன்போல் ஒரே நிறம், வெள்ளையிழை எங்குமில்லை. பின்னர் முழங்காலளவு நீருக்குத் தள்ளி, வாளிகளால் அள்ளி அள்ளிப் படகை விளிம்புவரை நிரப்பினார்கள். கட்டிய இளைஞருக்குச் சிறிது கோபந்தான். "நம்பிக்கை இல்லையா வாப்பா?" என்றார். காக்கா பதில் சொல்லாமல் நான்கு பேரை விளிம்பில் ஏறி அமரச் சொன்னார். படகு சற்றுத் தாழ்ந்து, தாழ்ந்த இடத்திலே மட்டமாக நின்றது.

அதன் பிறகே தாள் வந்தது. "மாஸ்டர், நீங்கதான் சாட்சி" என்று பேனாவையும் நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, நீரில் நின்றபடியே முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவரும் பக்கத்தில் நின்று, நான் வாசித்து முடிக்கும்வரை தாளின் மறுமுனையைக் காற்று அடிக்காமற் பிடித்துக்கொண்டிருந்தார்.